விடு, விடு

அந்தப் பட்டறையில் அடி என்பது இரும்புக்கு மட்டும் விழுந்ததில்லை. சாப்பாட்டு அறையில் நாற்காலிக்குச் சண்டை, குளியலறையில் சோப்புக்குச் சண்டை. ஒருவன் கையுறையை இன்னொருவன் தெரியாமல் மாட்டிக்கொண்டு போய்விட்டால் அன்றைக்கு யாருக்காவது உதடு கிழியும். இரண்டு டன் சுத்தியல் நாள் முழுக்கத் தரை அதிர விழுகிற இடத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கை ஓங்குவது கொட்டாவி மாதிரி. ஒருவனுக்கு வந்தால் பக்கத்தில் நிற்பவனுக்கும் வந்துவிடும்.

லாரிச் சக்கரத்தின் நடுவில் இருக்கிற குடத்தை அங்கே செய்தார்கள். உலையில் இரும்புத் துண்டைப் பழுக்கக் காய்ச்சி, குறட்டால் பிடித்துக் கீழ் அச்சில் வைத்து, மேலிருந்து சுத்தியலை இறக்கினால் ஐந்தாவது அடியில் குடம் பிறந்துவிடும். காற்றழுத்தத்தில் ஏறி இறங்கும் அந்தச் சுத்தியலின் லீவரைப் பிடித்து இருபத்திரண்டு வருடமாக நிற்கிறவரை எல்லோரும் சுத்தியல் என்றே கூப்பிட்டார்கள். எதிரே நின்று இரும்பைப் பிடிக்கிறவன் குறடு. குறட்டின் கூடப்பிறந்த தம்பி உலையைக் கவனித்தான், அதனால் அவன் உலை. சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கேயும் இவர்களுடைய சொந்தப் பெயருக்கு வேலை இல்லை.

குறடு, சுத்தியலின் தங்கை புருஷன். ஆனால் ஒன்பது வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் ஏதோ வாக்குவாதம் முற்றி, குறடு பெண்டாட்டியைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். செய்தி காதில் விழுந்ததும் சுத்தியல் செருப்புகூடப் போடாமல் ஓடினார். வாசற்படியிலேயே மாப்பிள்ளையின் மூக்கை உடைத்தார், இரண்டு முன்பல்லும் போயிற்று. மறுநாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் சமாதானமாகிவிட்டார்கள். தங்கை அண்ணன் வீட்டுக்கு வந்து, உட்காரக்கூடச் செய்யாமல் கேட்டாள்.

"நானே திருப்பிக் குடுத்துட்டேன். அவரு கன்னத்தப் பாத்தா தெரியும். எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும். நடுவுல நீ யாருண்ணே?"

பதில் இல்லாதவர்கள் செய்வதைத்தான் சுத்தியலும் செய்தார், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். குறடும் சளைத்தவன் இல்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் தினம் எட்டு மணி நேரம் இரண்டு அடி தூரத்தில் நின்று, சுத்தியலுக்கு வேண்டிய மூன்று சொற்களைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

குறடு "விடு" என்றால் சுத்தியலை விடு, அடி என்று அர்த்தம். "லேசா" என்றால் பாதி வேகம். "விடு, விடு" என்று ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னால் நிறுத்து என்று அர்த்தம். தெருவில் கட்டிப் புரளுகிறவர்களை விலக்க வருகிறவர் சொல்வாரே, அதே "விடு, விடு". மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை குடம் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். குறடு குனிந்து குட்டைக் கடப்பாரையால் நெம்புவான். அப்போது அவன் வலது கை சுத்தியலுக்கு நேர் கீழே இருக்கும். அப்படிக் கை போகும் முன் சுத்தியல் இறங்காமல் முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும் என்று சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. முட்டுக்கட்டை அதே சுவரில் சாய்ந்து தூசி தின்றுகொண்டிருந்தது. அந்த இரண்டு சொல்தான் அவர்களுக்கு முட்டு.

இப்படி இருக்கையில் மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"கட்டடத்துக்குப் பத்திரம் இருக்கு. சுத்தியலுக்கு வரைபடம் இருக்கு. உங்க மண்டைக்குள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அதுதான் நம்ம கம்பெனியோட கண்ணுக்குத் தெரியாத சொத்து. கம்ப்யூட்டர் வந்து சுத்தியல ஓட்டப் போகுது. அது வர்றதுக்குள்ள நமக்கு என்ன தெரியும்னு நமக்கே தெரிஞ்சிருக்கணும்."

"கண்ணுக்குத் தெரியாததுன்னா பேய்தானே சார்," என்றான் பின்னால் நின்ற உலை. பட்டறையே சிரித்தது. மேனேஜரும் வேறு வழியில்லாமல் சிரித்து வைத்தார்.

பேயைப் பிடிக்க வந்தவளுக்கு நோட்டம்மா என்று பெயர் விழுந்தது. நாற்பது வயது இருக்கும். ஆபீஸ் அறையில் உட்கார்ந்து ஆளைக் கூப்பிட்டு அனுப்புகிற ரகம் இல்லை. காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டுச் சுத்தியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். காதில் பஞ்சு, கையில் தடித்த நோட்டு. கேட்டதை எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டி, சொன்னவரிடம் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவாள். மாலையில் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். புது மெஷினுக்கு அதுதான் பாடம்.

முதல் இரண்டு நாள் சுத்தியல் உர்ரென்று இருந்தார். மூன்றாம் நாள் அவள் ஒரு விஷயம் கேட்டாள்.

"ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி இடது குதிகாலத் தூக்கிட்டு மறுபடி வைக்கறீங்களே, ஏன் சார்?"

தூக்குகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தார். கீழ் அச்சின் ஆப்பு தளர்ந்தால் தரை வேறு மாதிரி நடுங்கும், அதைக் குதிகால் பார்த்துக்கொள்கிறது. இருபத்திரண்டு வருடமாகக் கால் ஒரு வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்திருக்கிறது, அவரிடம் சொல்லாமலே. அன்றைக்குச் சுத்தியலுக்குத் தன் மேலேயே மரியாதை வந்துவிட்டது. அதன் பிறகு கொட்டித் தீர்த்தார். பழுத்த இரும்பில் எந்த நிறத்துக்கு எந்த அடி, சத்தம் மந்தமானால் என்ன கோளாறு, காற்றை மூடுகிற சிவப்புச் சக்கரத்தில் என்ன சூட்சுமம், எல்லாம்.

"மூணு சுத்து சுத்தினா மூடிக்கிச்சுன்னு தோணும்மா. மூடாது. அந்த உஸ்ஸுங்கற சத்தம் அடங்கற வரைக்கும் கைய எடுக்காம நிக்கணும். அடங்கின பிறகு இன்னொரு அரைச் சுத்து. அவசரப்பட்டா சுத்தியல் நம்மள ஏமாத்திடும்."

அது ஏழாம் பக்கம். கையெழுத்தைச் சந்தோஷமாகப் போட்டார்.

நாற்பத்தொன்றாம் பக்கம் வந்த அன்று காலையில்தான் அவர் மேனேஜர் அறைச் சுவரில் புது வரைபடத்தைப் பார்த்தார். உலை இருந்த இடத்தில் உலை இருந்தது. குறடு நிற்கிற இடத்தில் ஓர் ஆள் உருவம் போட்டிருந்தது. தான் நிற்கிற இடத்தைத் தேடினார். அங்கே கம்ப்யூட்டர் அலமாரி ஒன்றை வரைந்திருந்தார்கள். தங்கையை அறைந்தவனுக்கு இடம் இருக்கிறது, தனக்குப் பதில் அலமாரி. அதே கோபத்தோடு அவர் டிரம்முக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

நோட்டம்மா நோட்டைப் பிரித்தாள்.

"குறடு சார் மூணு வார்த்தை சொன்னாரு. அர்த்தம் கேட்டா, நான் சொல்றதெல்லாம் லீவர் பிடிக்கறவருக்குத்தான், அவரக் கேட்டுக்கோங்கன்னுட்டாரு. 'விடு'ன்னா ஒரு அடி. சரிதானே?"

"சரி."

"'லேசா'ன்னா பாதி. 'விடு, விடு'ன்னா?"

சுத்தியல் அவள் பேனாவைப் பார்த்தார். பேய் இந்தப் பேனா வழியாகத்தான் அலமாரிக்குள் போகிறது. ஒரு விரல் அளவாவது தன்னிடமே இருக்கட்டும் என்று தோன்றியது.

"ரெண்டு அடி. அடுத்தடுத்து."

அவள் எழுதவில்லை. "சண்டைல விலக்கும்போது சொல்ற மாதிரி இல்லையா? நிறுத்துங்கற மாதிரி?"

"இது பட்டறைம்மா. தெருச்சண்டை இல்ல."

எழுதினாள், படித்துக் காட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

அவர் போட்ட திட்டத்தில் ரத்தம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒத்திகை நாளில் தானும் பக்கத்தில் நிற்போம், வார்த்தை வந்தால் மெஷின் அசடு வழிய இரண்டு தடவை அடிக்கும், குறுக்கே போய்த் தடுப்போம், இவர் இல்லாமல் ஆகாது என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டார். அச்சுக்குள் போகிற கையை அந்தக் கணக்கில் அவர் சேர்க்கவே இல்லை. கோபத்தில் போட்ட கணக்கு அப்படித்தான் இருக்கும்.

ஒத்திகை நாளும் வந்தது. லீவரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சாம்பல் நிற அலமாரியை நிறுத்தியிருந்தார்கள். தூணில் ஒரு மைக் தொங்கியது. ஆட்கள் அதற்குக் காது என்று பெயர் வைத்தார்கள். மேனேஜர் தரையில் மஞ்சள் கோடு கிழிக்கச் செய்திருந்தார்.

"நீங்க கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கணும் சார். நீங்க உள்ள இருந்தா அது தானா ஓடிச்சா, நீங்க ஓட்டினீங்களான்னு தெரியாது."

கோடு சுத்தியலிலிருந்து பதினைந்து அடி தூரத்தில் இருந்தது. அங்கிருந்து குறுக்கே போய்த் தடுக்க முடியாது.

அதற்குப் பிறகும் நேரம் இருந்தது. உடை மாற்றும் அறையில் குறடு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அறையில் வேறு யாரும் இல்லை. 'மாப்ளே, அந்த வார்த்தைய இன்னிக்குச் சொல்லாத.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சுத்தியல் வாயைத் திறந்தார். ஒன்பது வருடம் பேசாதவனிடம் முதல் பேச்சே தன் பொய்யை ஒப்புக்கொள்கிற பேச்சாக இருக்க வேண்டுமா என்று நாக்கு முரண்டு பிடித்தது. குறடு கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தான். ஏதோ கேட்கப் போகிறவன்போல் ஒரு கணம் நின்று பார்த்தான். பிறகு போய்விட்டான். இந்தப் பாழாய்ப்போன ரோஷத்தை என்னவென்று சொல்வது?

மெஷின் நன்றாகவே ஓடியது. குறடு "விடு" என்றான், சுத்தியல் விழுந்தது. "லேசா" என்றான், பாதி வேகத்தில் விழுந்தது. பதினோரு குடம் பிறந்தது. மேனேஜர் கை தட்டினார்.

பன்னிரண்டாவது ஒட்டிக்கொண்டது.

"விடு, விடு," என்றான் குறடு, பழக்க தோஷத்தில், காதைப் பற்றி நினைக்காமல், ஒன்பது வருடமாக நம்பிய அதே குரலில். சொல்லிக்கொண்டே கடப்பாரையோடு குனிந்தான். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் சுத்தியல் "மாப்ளே" என்று கத்தினார். சத்தம் அவன் காதுக்குப் போவதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது. இரண்டாவது அடி, அடித்ததையே அடித்தது.

தோல் கையுறை தீய்கிற வாடை முதலில் வந்தது. குறடு அலறவில்லை. முட்டிபோட்டு உட்கார்ந்து, மணிக்கட்டோடு முடிந்துபோன கையைத் தூக்கி, அதன் மீதி எங்கே என்று தேடுகிறவனைப்போலப் பார்த்தான். ரத்தம் சூடான அச்சில் விழுந்து பொரிந்தது. உலை தன் பெல்ட்டைக் கழற்றி அண்ணன் முழங்கையில் இறுக்கிக் கட்டினான். நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆம்புலன்ஸில் கூடப் போக ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள். மேனேஜர் ஏறிக்கொண்டார். உலையின் மூஞ்சிக்கு நேரே கதவு மூடிக்கொண்டது.

அவன் பட்டறைக்குள் திரும்பி வந்தபோது உடம்பு முழுக்க அண்ணன் ரத்தம். நோட்டம்மா அலமாரிக்குப் பக்கத்தில் வெளுத்துப்போய் நின்றிருந்தாள். முப்பது பேர் அவளைச் சுற்றி நின்றார்கள்.

"நீ எழுதினதத்தானே அது படிச்சுது," என்றான் உலை.

"சொல்றேன், இருங்க. தப்பு எங்கன்னு எனக்குத் தெரியும். நாப்பத்தொண்ணாம் பக்கம். அதுல கையெழுத்து..."

சுத்தியல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் வாயில் அறைந்தார். யோசித்து அடிக்கவில்லை. ஆனால் எதற்காக அடித்தோம் என்பது அடித்த அந்தக் கணத்திலேயே அவருக்குத் தெரிந்தது. அவள் பல் பட்டு அவருடைய விரல் கிழிந்தது. அவள் உதட்டில் ரத்தத்தோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

பெரிய கையே விழுந்த பிறகு மற்றக் கைகளுக்கு என்ன தடை? ஒருவன் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். ஒருவன் விலாவில் உதைத்தான். அவள் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுருண்டாள், அதற்கும் ஒரு மிதி விழுந்தது. மூன்று வாரமாக அவள் வாங்கி வந்த பிஸ்கட்டைத் தின்றவர்கள்தான் மிதித்தார்கள். சுத்தியல் இரண்டு எட்டு பின்வாங்கி நின்றார். அவருடைய சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார், தங்கை. திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

உலை தரையில் கிடந்த அண்ணனின் குறட்டை எடுத்தான். நாலடி நீளம், முனை இன்னும் சூடு. இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஓங்கினான். கீழே அவள் மண்டை இருந்தது.

"விடு, விடு," என்று கத்தினார் சுத்தியல்.

அவர்களுக்குப் பின்னால் இரண்டு டன் சுத்தியல் விழுந்தது. ஏறியது. மறுபடி விழுந்தது.

காற்றை யாரும் மூடவில்லை. அது லீவர் பிடிக்கிறவர் வேலை, லீவர் பிடிக்கிறவர் என்று இப்போது யாரும் இல்லை. தூணில் காது தொங்கிக்கொண்டிருந்தது. தரை நடுங்கி அடங்கியது. உலை குறட்டைத் தாழ்த்தினான். அவன் மெதுவான ஆள் என்றுதான் எல்லோரும் கேலி செய்வார்கள். ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் அவனுக்குத்தான் விளங்கியது.

"நிறுத்தச் சொல்லித்தானே நீங்க கத்தினீங்க?" என்று கேட்டான்.

சுத்தியல் தன் கிழிந்த விரலைப் பார்த்தார்.

"எங்க அண்ணனும் அதத்தானே சொன்னான். அது ஏன் அடிக்குது? அதுக்கு அப்படி யாரு சொல்லிக் குடுத்தது?"

நோட்டம்மா தரையில் கிடந்தபடி அவரைப் பார்த்தாள். அவள் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவருக்கு இன்னொரு பொய்க்கு இடம் கிடைத்திருக்கும்.

"நான்தான்," என்றார். "வேணும்னேதான் சொல்லிக் குடுத்தேன்."

உலை கையிலிருந்த குறடு அவர் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. அடுத்தது வாயில், காலணியால். அதற்கு மேல் யார் அடித்தது என்று எண்ண முடியவில்லை. இருபத்திரண்டு வருடக் கூட்டாளிகள் முறை வைத்து அடித்தார்கள். வலி ஒரு பக்கம் இருக்க, அவர் மனசு ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது. அந்தப் பட்டறையில் எந்தச் சண்டையும் மூன்றாவது ஆள் "விடு, விடு" என்று நடுவில் புகுந்த பிறகுதான் முடியும். கண்ணில் ரத்தம் வழிய அவர் பார்த்தார். ஓரமாக நின்ற இரண்டு மூன்று பேர் வாயைத் திறந்தார்கள். திறந்த வாயோடு தூணில் தொங்கிய காதைப் பார்த்தார்கள், அப்புறம் மேலே ஏறி நின்ற சுத்தியலைப் பார்த்தார்கள், மூடிக்கொண்டார்கள். பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. இன்றைக்குச் செத்தோம் என்றே அவர் முடிவு செய்தார். அதில் அநியாயம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

நோட்டம்மா எழுந்திருக்க முடியாமல் தவழ்ந்து போனாள். சுவரைப் பிடித்து நின்றாள். சிவப்புச் சக்கரத்தை இரண்டு கையாலும் பற்றிச் சுற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றோடு கையை எடுக்கவில்லை. உஸ்ஸென்ற சத்தம் போய்க்கொண்டிருந்தது. அவள் தலையைச் சாய்த்து அதைக் கேட்டபடி நின்றாள், ஒரு யுகம் மாதிரி நின்றாள். சத்தம் அடங்கியது. இன்னொரு அரைச் சுற்று. மேலே நின்ற சுத்தியல் மெல்ல இறங்கி அச்சின் மேல் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் திரும்பினாள்.

"விடுங்க," என்றாள். "விடுங்க."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. உலை குறட்டைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

அவள் நொண்டிக்கொண்டு வந்து சுத்தியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நோட்டில் செருப்புத் தடம் பதிந்திருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். கீழே அவருடைய கையெழுத்து அழகாக இருந்தது. அவள் ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டுப் பேனாவோடு காத்திருந்தாள்.

"சொல்லுங்க. 'விடு, விடு'ன்னா என்ன அர்த்தம்?"

அவர் வாயில் ரத்தத்தோடு இரண்டு பல்லைத் துப்பினார். பையில் போன் மறுபடி அதிர்ந்தது.

"நிறுத்துன்னு அர்த்தம்," என்றார். "உள்ள மாப்பிள்ளை கை இருக்குன்னு அர்த்தம்."